ஊசியும் குழாயும்

மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டில் இசைத்தட்டு கேட்க ஒரு நேரம் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு மேல், பேசின் பிரிட்ஜ் பக்கம் கூட்ஸ் வண்டி வராத இடைவெளியில். வண்டி போனால் ஜன்னல் கம்பி அதிரும், மேசை அதிரும், ஊசிக்கும் அது தெரிந்துவிடும். பாட்டு அதிர்வு, ரயில் அதிர்வு என்ற பேதமெல்லாம் ஊசிக்குக் கிடையாது. அடுத்த வண்டிக்குள் ஒரு பக்கம் முடிந்தால் அதிர்ஷ்டம். "இன்னாடா, இந்நேரத்துல ஊசி வச்சி பாட்டு கேக்கற?" என்பார் அம்மா.

சில மாதங்களாக இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தட்டிலும் சிடியிலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. வயலின் வி.எஸ். நரசிம்மன். தட்டு நண்பரிடம் இரவல் வாங்கியது, சிடி என்னுடையது.

எது நன்றாக இருக்கிறது? கணக்குப்படி சிடிதான். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடம். நல்ல தட்டு 70ஐத் தொட்டாலே பெரிய விஷயம். ஆனால் எங்கள் அறையில் மின்விசிறியும் தெருவும் சேர்ந்து எப்படியும் 45 டெசிபல் சத்தம் போடுகின்றன. அக்கம்பக்கம் திட்டாத அளவுக்குப் பாட்டு வைத்தால் மிஞ்சுவது முப்பது, முப்பத்தைந்து. அதற்குள் தட்டும் அடங்கிவிடும், சிடியும் அடங்கிவிடும். சிடியின் புகழ்பெற்ற நிசப்தத்தைக் கேட்க முதலில் நிசப்தமான வீடு வேண்டும்.

காதுக்கு உண்மையாகவே தெரிகிற வித்தியாசம் வேறு. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று என்று ஒரே கதியில் சுற்றுகிறது. வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்ளே போகப் போக அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கும். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் நரசிம்மனின் மேல்ஸ்தாயி கொஞ்சம் பிசிறடிக்கிறது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கும், போகப் போகத் தன் சுழற்சியைக் குறைத்துக்கொள்ளும். முதல் நொடிக்கும் கடைசி நொடிக்கும் ஒரே மரியாதை.

அப்படியானால் தட்டின் 'கதகதப்பு' பொய்யா? முழுப் பொய் இல்லை. பள்ளத்தில் அடக்கக்கூடிய ஒலிக்கு ஒரு வரம்பு உண்டு. கீழ்ஸ்தாயியை இடம் வலம் என்று பெரிதாகப் பிரிக்க முடியாது, உச்ச ஒலிகளை முரட்டுத்தனமாக ஏற்ற முடியாது. சிடியில் அந்தத் தடை இல்லாததால் 90களுக்குப் பிறகு பல தொகுப்புகளை எல்லாம் ஒரே சத்தமாக இருக்கும்படி நசுக்கினார்கள். பழைய திரைப்பாடல் சிடிக்கள் சிலவற்றில் கூர்ந்து கேட்டால் ஊசிக் கீறலே கேட்கும். தட்டிலிருந்து எடுத்து சிடியில் ஏற்றியிருக்கிறார்கள். நாம் குறை சொல்ல வேண்டியது வடிவத்தை அல்ல, அதைத் தயாரித்த கைகளை.

இதுவரை சொன்னதை யாரும் சொல்லலாம். எனக்கு உறுத்துவது இனி வருவதுதான்.

அமெரிக்காவில் 2022இல் சிடியைவிடத் தட்டுகள் அதிகம் விற்றன. 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த அலை இங்கேயும் வந்து, 'வீட்டுக் கூடத்தில் தாத்தா தட்டு சுழலவிட்ட காலம்' என்ற ஞாபகத்தைக் கூடவே கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் கூடம் இருந்தது? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் வீட்டில் ரிக்கார்ட் பிளேயர் ஏது? எங்கள் ஆட்களுக்கு ரெக்கார்டு என்பது மைக் செட்காரரின் சொத்து. கல்யாணம், ஆடி மாசக் கூழ், மஞ்சள் நீராட்டு என்றால் அவர் மிதிவண்டியில் பெட்டியும் குழாயும் கட்டிக்கொண்டு வருவார். என் பெரியப்பா அவருக்கு எடுபிடி. குழாய் ஸ்பீக்கரில் அடித்தட்டு ஒலி எல்லாம் செத்துவிடும், நடுவிலுள்ள குரல்தான் கத்தும். அந்தக் கத்தலைத்தான் தெருவே கேட்டு வளர்ந்தது. கதகதப்பும் இல்லை, துல்லியமும் இல்லை. ஆனால் யாரும் காசு கொடுக்காமல் எல்லாரும் கேட்டார்கள்.

சிடியும் எங்களிடம் சிடியாக வரவில்லை. பர்மா பஜாரிலிருந்து எம்பி3 தட்டாக வந்தது. 700 எம்பிக்குள் நூற்றைம்பது பாட்டு, டிவியோடு மாட்டிய டிவிடி பிளேயரில். 96 டெசிபல் அங்கேயே செத்தது. எனவே 'தட்டா, சிடியா' என்று கேட்கும்போது, எந்த வீட்டில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைக் கேட்காத ரசனைக் கட்டுரைகள் ஒரு வர்க்கத்தின் வரவேற்பறையை எல்லாருடைய கடந்த காலமாகவும் எழுதிவிடுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. நடராசனும் தாளமுத்துவும் அடக்கம் செய்யப்பட்ட சுடுகாடு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதற்குப் போகும் வழியெல்லாம் கேட்கும் இசை மரண கானா. இழவு வீட்டில் விடிய விடிய, செத்தவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் வைத்துப் பாடுவார்கள். நான் புரட்டிப் பார்த்த எந்த இசைத்தட்டின் உறையிலும் அந்தப் பாட்டு இல்லை. அது கேசட்டுக்கு வந்தது, சினிமாவுக்குப் போனது, இப்போது போனில் இருக்கிறது. 'அசல் ஒலி' பற்றி இவ்வளவு பேசும் சேகரிப்பாளர்களின் அலமாரியில் அதற்கு ஓர் அங்குல இடம் இல்லை.

ராஜாவின் தொகுப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அதைத் தட்டில் கேட்ட இரவுகளில் பக்கம் திருப்ப எழுந்த அந்த அரை நிமிடத்தில்தான் முந்தைய பக்கம் மனசுக்குள் இறங்கியது. சிடி அந்த அரை நிமிடத்தைத் தருவதில்லை. ஆனாலும் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ரயிலோடு போட்டி போட என்னால் முடியாது.

பெரியப்பாவின் காரியத்தில் பாடிய கானா ஒரு 90 நிமிடக் கேசட்டில் இருக்கிறது. அம்மா அதைப் புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறார். நாடா ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது, போன தடவை போட்டபோது பிளேயர் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. அதன் இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் இல்லை. அடுத்து காசு சேர்ந்தால் நல்ல ஊசி வாங்குவதாக இருந்தேன். இப்போது நல்ல கேசட் டெக் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.