சோளகர் தொட்டியும் சந்தனக் கணக்கும்

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. வீரப்பன் தேடுதலின் பெயரால் சத்தியமங்கலம் மலைவாழ் சோளகர்மீது அதிரடிப்படையினர் இழைத்த கொடுமைகளைப் பதிவு செய்யும் நாவல் இது. நாம் தருமபுரி மாவட்டத்தார். ஆதலின் வாச்சாத்தியை மறந்து இதனை வாசிக்க இயலவில்லை.

நாவலின் முதற்பகுதியே நம்மைப் பெரிதும் கவர்ந்தது. காட்டோடு இயைந்த வாழ்வும், நிலம் கைநழுவும் விதமும் ஆரவாரமின்றிச் சொல்லப்படுகின்றன. இரண்டாம் பகுதியில் சித்திரவதைகள் அடுக்கடுக்காய் வருகின்றன. அவை உண்மையென்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் ஒரு குறை உண்டு: அடிப்பவனின் கை தெரிகிற அளவுக்கு, அக்கையை ஏவிய பொருளாதாரம் தெரியவில்லை. சந்தனம் அன்று அரசின் உடைமையாக இருந்தது. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் வனத்துறையின் இசைவின்றி வெட்டலாகாது. அரசு ஏலத்தில் விற்றுப் பொருளீட்டும் சரக்கு அது. அச்சரக்கின் காவலுக்கு வந்த படைக்கு, காட்டில் வாழ்பவர் அனைவரும் கள்வராகவே தோன்றினர். மரம் வெட்டிய கூலிக்காரன் அகப்பட்டான். வாங்கியவன் யார்? நாவல் அவ்விடத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகிறது.

அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் 1992 ஜூன் 20 அன்று புகுந்தவர்கள் மூன்று துறையினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் சிறைப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்னரே இறந்தனர். எஞ்சிய 215 பேரையும் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகளென அறிவித்தது: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. அந்த ஐவர்தாம் நம் சிந்தையை உறுத்துகின்றனர். காக்கிக்கு அருகே கணக்கேடும் நடந்து சென்றிருக்கிறது. வளர்ச்சித் திட்டங்களுக்கு மனு வாங்குகிற அதே துறையல்லவா அது!

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நீதிபதி வேல்முருகன் அவ்வாண்டு மார்ச்சில் அவ்வூருக்கே நேரில் சென்று பார்த்திருந்தார். உண்மையான கடத்தல்காரரையும் பெரும்புள்ளிகளையும் காக்கவே அதிகாரிகள் நாடகமாடினர் என்பது அவர் கண்ட முடிவு. நாவல் கேட்கத் தவறிய வினாவை நீதிமன்றம் கேட்டுவிட்டது. ஆயினும் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்ட அத்தீர்ப்பின் தண்டனைப் பட்டியலில் இருப்போர் அனைவரும் அரசு ஊழியர்களே. சந்தனத்தை வாங்கியவர் ஒருவரும் அதில் இல்லை.