டர்போவின் மேல் விழும் பழி

2007-இல் ஸ்விஃப்ட் டீசல் காரோடு மாருதி இங்கே கொண்டுவந்த 1.3 லிட்டர் என்ஜின், ஃபியட்டின் மல்டிஜெட். 1,248 சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, ஒரு சின்ன டர்போ. டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் லீனியா என்று அது புகாத பானட் இல்லை; வண்டிப் பத்திரிகைகள் அதைத் தேசிய என்ஜின் என்றே எழுதின. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. ஆகவே இன்று சாலையில் ஓடும் இந்த என்ஜின்கள் அத்தனையும் பழையவைதான். அவற்றில் ஒன்று பட்டறைக்கு வந்து, ‘இழுவை இல்லை, புகை தள்ளுது’ என்று சொல்லப்பட்டால் முதலில் கிடைக்கும் தீர்ப்பு, ‘டர்போ போச்சு சார்.’ பெரும்பாலும் இது தலைவலிக்குத் தலையணையை மாற்றச் சொல்வதுதான். இந்த என்ஜினில் கோளாறு வெளிப்படும் இடங்கள் விலை அதிகமானவை. தொடங்கும் இடங்களோ மலிவானவை. குறைந்த செலவில் இதைப் புதுப்பிக்கிறவர், கஞ்சத்தனத்தால் அல்லாமல் காரணத்தைத் தேடிப் போவதாலேயே பணத்தை மிச்சம் பிடிக்கிறார். இதன் ரசனையே அங்கேதான் இருக்கிறது.

ஆயிலிலிருந்து தொடங்கலாம். டர்போவின் தண்டு, ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதே ஆயிலின் அழுத்தத்தை நம்பித்தான் நிற்கிறது. சம்ப்பின் அடியில் இருக்கும் வடிகட்டி வலையில் கசடு படிந்துவிட்டால் இரண்டும் ஒருசேரப் பட்டினி கிடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி செயின் சலசலப்பதும், சில மாதம் கழித்து டர்போ ஊளையிடுவதும் வெவ்வேறு வியாதிகளாகத் தோன்றலாம். பல சமயம் வேர் ஒன்றே, தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம். சம்ப்பைக் கழற்றி வலையைக் கழுவாமல், டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் கருகி அடைத்த கார்பனைப் பார்க்காமல், புது டர்போவை மட்டும் மாட்டினால் அதுவும் பழையதன் வழியிலேயே போகும். மாட்டியபின்னும் ஒரு நிதானம் தேவை: டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட வேண்டும்.

சோதனைகளில் இருக்கும் அழகு தனி. ஏர் ஹோஸைக் கழற்றி டர்போவின் விசிறி முனையை இரு விரலால் பிடித்தால், பக்கவாட்டில் மயிரிழை அசைவு தெரியும். அது படலத்துக்கென்று விட்ட இடைவெளி, பழுதல்ல. முன்னும் பின்னுமாக இழுத்து ஆட்டம் கண்டாலோ, இதழ்கள் உறையில் உரசிய தழும்பு இருந்தாலோதான் டர்போவைக் குறை சொல்லலாம். இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசாக ஆயில் பூசியிருப்பதைக் காட்டி வண்டிக்காரரைப் பயமுறுத்துவது சுலபம். கிராங்க்கேஸ் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது என்பதால் கொஞ்சம் ஈரம் இயல்பே. இன்ஜெக்டர்களுக்கோ நாலு சிறு புட்டிகள் போதும். ரிட்டன் குழாய்களை ஆளுக்கொரு புட்டியில் விட்டு ஐடிலில் ஓடவிட்டால், எந்தப் புட்டி மற்றதைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டரே சந்தேகத்துக்குரியது. நாலையும் கழற்றி அனுப்ப வேண்டியதில்லை. கறுப்புப் புகைக்குப் பல சமயம் காரணம், பூஸ்ட் ஹோஸின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல். சோப்பு நீரும் கொஞ்சம் காற்றழுத்தமும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி அரைகுறையாகத் தொடுவதைவிட, பிரித்ததே பிரித்தோம் என்று முழு ஓவர்ஹால் செய்துவிடுவதே நீண்டகாலச் சிக்கனம் என்பவர்கள் உண்டு. செயின் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி: அது தாவினால் ராக்கர் ஆர்ம்கள் உடைந்து ஹெட் வேலை வந்து நிற்கும். சத்தம் கேட்டபின் டென்ஷனர், கைடு உட்பட முழு செட்டும், தரமானதாக, மாற்றியே ஆகவேண்டும். இன்ஜெக்டர் அடியிலிருக்கும் செம்பு வாஷரையும், அற்ப விலைதானே என்று, திரும்பப் பயன்படுத்தக் கூடாது; கசிந்தால் தார்போல் இறுகி இன்ஜெக்டரையே பிடித்துக்கொள்ளும். ஆனால் இதை வைத்து எல்லாவற்றையும் பிரி என்பது தாவல் வாதம். நன்றாக இருக்கும் ஹெட்டைத் தூக்குவதால் ஒரு புது கேஸ்கட்டும், போல்ட் முறுக்கில் பிழை நேர ஒரு வாய்ப்பும்தான் சேரும். பேலன்ஸ் பார்க்காத மலிவு டர்போ கார்ட்ரிட்ஜ் இதற்கு நேரெதிர்ப் பிழை. அந்த வேகத்தில் சிறு எடை வித்தியாசம்கூடத் தண்டைத் தின்றுவிடும்.

வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்குத் திருப்பும் ஈஜிஆர் வால்வுக்குத் தகடு வைத்து அடைப்பதையும் பட்ஜெட் வைத்தியமாகச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இன்டேக்கில் கரி சேர்வது குறையும், உண்மைதான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடி ஊர் மூக்கில் ஏறும். கழற்றிக் கழுவினாலே மறுபடி வேலை செய்யும் பொருளை அடைத்து வைப்பதைக் கைத்திறன் என்று ஒப்புக்கொள்ள முடியாது. இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. அதற்குக் காசே இல்லை. சூடான என்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறக்க வேண்டும். புகை குபுகுபுவென்று தள்ளி, கம்ப்ரஷன் அளவும் குறைந்திருந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. அந்த வண்டிக்கு ஹோஸும் வாஷரும் மாற்றிக் காசு வாங்குகிற பட்டறை, வேலை தெரிந்த பட்டறை அல்ல.