நிலம் இல்லாத கோத்திரம்

மயிலாடியில் சிலை கொத்துகிறவர்கள் பல தலைமுறைகளாகக் கல்லோடு பழகியவர்கள். சிலைக்குக் கண் திறக்கிற வரைக்கும் அவர்கள் கைதான். பிரதிஷ்டை ஆனபிறகு கருவறைக்குள் தந்திரியும் போற்றியும் மட்டுமே. இரண்டுமே பிறப்பால் வந்த வேலை. ஆனால் சிற்பிக்கு ஒரு பரீட்சை உண்டு: மூக்கு கோணினால் சிலையை வாங்க ஆள் வராது. பூசகருக்கு என்ன பரீட்சை?

இந்தக் கேள்வியைப் பழைய ஏற்பாடு விடாப்பிடியாகக் கேட்கிறது. லேவி கோத்திரத்தில் ஆரோன் வழியினருக்கே பலிபீடம். மற்ற லேவியர் அவர்களுக்கு ஒத்தாசை. இந்த உரிமைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. மற்றக் கோத்திரங்களைப் போல லேவிக்கு நிலப் பங்கு கிடையாது. குடியிருக்க 48 பட்டணங்கள், சுற்றிலும் மேய்ச்சல் வெளி, சாப்பாட்டுக்கு ஜனங்களின் தசமபாகம். அதிலும் பத்தில் ஒன்றை லேவியர் ஆசாரியருக்குக் கொடுக்கவேண்டும். பூசையும் நிலமும் ஒரே இடத்தில் குவியாதபடி செய்த இந்த ஏற்பாட்டைப் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

அதன் அருமை நம் பக்கத்துச் சுசீந்திரத்தைப் பார்த்தால் விளங்கும். தாணுமாலயன் கோயில் காரியங்களை நெடுங்காலம் நடத்தியது யோகக்காரர் என்ற போற்றிக் குடும்பங்களின் சபை. பண்டாரமும் வயலும் அவர்கள் வசம். அரசர் நினைத்தபடி உள்ளே கை வைக்க முடியாது. இது லேசான பலமல்ல. தூபம் காட்ட ஆலயத்துக்குள் நுழைந்த உசியா ராஜாவை அசரியாவும் 80 ஆசாரியர்களும் மறித்ததாக நாளாகமம் சொல்கிறது. ராஜா நியமித்த சம்பளக்காரர்கள் மறித்திருப்பார்களா, சந்தேகந்தான். ஆனால் சொத்தும் சேர்ந்திருக்கிற இடத்தில் கணக்குக் கேட்க ஒருவன் வந்தே தீருவான். 1811-ஐ ஒட்டி பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ திருவிதாங்கூர்க் கோயில் நிலங்களை அரசின் கீழ் கொண்டுவந்தார். யோகக்காரர் ஆட்சி அதோடு போயிற்று. சிதம்பரம் தீட்சிதர்களிடம் பூசையும் நிர்வாகமும் இன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. 2009-ல் அரசு எடுத்துக்கொண்ட நிர்வாகத்தை 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. சச்சரவு மட்டும் ஓயவில்லை.

நிலம் இல்லாவிட்டால் ஒழுக்கம் தானே வந்துவிடுமா? சீலோவில் ஏலியின் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் செய்ததைப் படித்தால் அந்த நம்பிக்கை போய்விடும். பலியிட வந்தவனின் சட்டிக்குள் முக்கவர் முள்ளை விட்டு, வந்த இறைச்சியை எடுத்துக்கொண்டார்கள். கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சையாகக் கேட்டார்கள், தராவிட்டால் பலவந்தம். மீகாவின் வீட்டு லேவியனோ ஆண்டுக்கு 10 வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு என்று வேலைக்கு அமர்ந்தவன். ஒரு வீட்டைவிட ஒரு கோத்திரத்துக்கே ஆசாரியனாகலாமே என்று தாண் கோத்திரத்தார் அழைத்ததும், வீட்டுக்காரன் சிலையையும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பிவிட்டான். சட்டமும் நீடிக்கவில்லை. பதவி பறித்த அபியத்தாரைச் சாலொமோன் ஆனதோத்திலுள்ள அவனுடைய வயலுக்குப் போகச் சொல்கிறான். நிலம் இல்லாத கோத்திரத்தானுக்கு வயல் எங்கிருந்து வந்தது?

என்னால் ஏற்கவே முடியாத பகுதி வேறு. உடல் ஊனமுள்ள ஆரோன் வம்சத்தானுக்கு உணவில் பங்கு உண்டு, பலிபீடத்தை நெருங்க அனுமதி இல்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் வம்ச அட்டவணையில் பெயர் காணாத ஆசாரியக் குடும்பங்களை விலக்கி வைத்தார்கள். அவர்களுக்கு முறை தெரியுமா, நடத்தை எப்படி என்று யாரும் கேட்டதாக எஸ்றா எழுதவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: தன் பூசகர்களின் திருட்டைத் தன் வேதத்திலேயே எழுதிவைத்து, பிள்ளைகளுக்கும் படித்துக்காட்டிய சமூகம் அது. நம் தலபுராணங்களில் அப்படி ஒரு பக்கத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

பிறப்பு கேளாத ஊழியம் மயிலாடிக்குப் புதிதல்ல. சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டவர் வேதமாணிக்கம். அவர் அழைப்பில் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் இங்கே ஆலயம் கட்டினார். 1816-ல் ஊரைவிட்டுப் போகும்போது சபையை அவரிடமே ஒப்படைத்தார். வேதமாணிக்கம் பிறந்த சாதிக்குத் திருவிதாங்கூர்க் கோயில் வாசல் திறக்க 1936 ஆயிற்று. அதற்காகச் சபைகள் மெத்தப் பெருமைப்பட வேண்டாம். கோத்திரம் போன இடத்தில் குடும்பச் செல்வாக்கு வந்து உட்கார்ந்திருப்பதைச் சபைத் தேர்தல் காலத்தில் பார்க்கிறோம்.

மந்திரமும் முறையும் தெரிந்த குடும்பங்களின் அறிவு வீணாகக் கூடாது. அவர்கள் ஆசிரியர்களாக அமரட்டும், தேறியவர் யாரானாலும் சந்நிதிக்கு வரட்டும். பரம்பரை அர்ச்சகர் உரிமையை 1971-லேயே தமிழ்நாடு சட்டத்தால் நீக்கியது. மறு வருடம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2017-ல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கோயில்களுக்குத் தேர்வு நடத்தி, பிராமணரல்லாத 36 பேரைப் பூசகராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 6 பேர் தலித்துகள். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிரியும் வரை சுசீந்திரமும் திருவிதாங்கூர்க் கோயில்தான். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.