பூட்டும் சாவியும் போதுமா?

செல்லின் மேற்பரப்பைப் பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். சவ்வைக் குறிக்க இரண்டு கோடுகள். அதில் செருகிய ஒரு புரதம். வெளியிலிருந்து வந்து, பூட்டில் சாவி நுழைவதுபோல் அதில் பொருந்தும் ஒரு சிறு மூலக்கூறு. பொருந்தியதும் உட்புறம் ஓர் அம்புக்குறி. அருகில், 'செய்தி உள்ளே செல்கிறது' என்ற குறிப்பு. தேர்வில் வரைவதற்கு ஏற்ற படம்தான். ஆனால் செய்தி எப்படி உள்ளே சென்றது என்று கேட்டால், அந்த அம்புக்குறியிடம் பதில் இல்லை.

இந்த உவமையின் பெருமையை முதலில் சொல்லிவிடுவோம். 1894-இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் நொதிகளை விளக்க இதைக் கையாண்டார். வடிவப் பொருத்தம் என்ற கருத்தை இதைவிட எளிதாக விளக்க முடியாது. இன்சுலினுக்கும் இது ஓரளவு பொருந்தும். இன்சுலின் ஏற்பியின் உட்பகுதியே ஒரு நொதியாக இருக்கிறது. வெளியே இன்சுலின் சேர்ந்ததும், உள்ளே அந்த நொதி தன் வேலையைத் தொடங்குகிறது.

படத்தில் இல்லாத சர்க்கரைகள்

ஆனால் உண்மையான செல்லின் மேற்பரப்பு, படத்தில் உள்ளதுபோல் மொட்டையானதன்று. அங்கே புரோட்டியோகிளைக்கான்கள் என்ற மூலக்கூறுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு புரதத் தண்டும், அதிலிருந்து நீளும் சர்க்கரைத் தொடர்களும் உண்டு. ஹெபரான் சல்ஃபேட் அத்தகைய ஒரு தொடர். சல்ஃபேட் தொகுதிகளால் அது எதிர்மின்னூட்டம் பெறுகிறது. ஆகவே நேர்மின்னூட்டப் பகுதிகளை உடைய புரதங்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

இதனால் என்ன பயன்? 1991-இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். ஹெபரான் சல்ஃபேட்டை உண்டாக்க முடியாத செல்களில், ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்துக்கான ஏற்பியை அமைத்தார்கள். பூட்டு இருந்தது, சாவியும் இருந்தது. ஆயினும் காரணி ஏற்பியோடு சேரவில்லை. ஹெபரான் சல்ஃபேட்டின் உறவான ஹெபாரினைச் சேர்த்ததும் சேர்ந்தது! நம் பாடப்படத்தில் இந்த மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

துணையாள் மட்டுமா?

இச்சோதனைக்குப் பின் புரோட்டியோகிளைக்கான்களுக்கு 'இணை ஏற்பி' என்ற பெயர் நிலைத்தது. இதிலும் ஒரு குறை உண்டு. செய்தியைப் பிறரிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் எடுபிடி என்ற எண்ணத்தை இப்பெயர் வளர்க்கிறது. சிண்டெகான் என்ற குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிகளில் இது நான்கு வகைப்படும். 'சேர்த்துக் கட்டு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1989-இல் பெயர் பெற்றது. சவ்வைக் கடந்து உள்ளே நீளும் இதன் வால் மிகச் சிறியது. சுமார் 30 அமினோ அமிலங்களே. அதில் நொதி எதுவும் இல்லை. நொதி இல்லாத வால் என்ன செய்தி சொல்லிவிடும் என்று தோன்றுவது இயல்பு.

செல்களைக் கொண்டு செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. ஃபைப்ரோநெக்டின் என்பது செல்கள் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். செல்லைப் பிடிக்கும் அதன் துண்டின்மேல் மட்டும் செல்களை விட்டால், அவை ஒட்டிப் பரவும். ஆனால் உறுதியான பிடிமானப் புள்ளிகளை அமைப்பதில்லை. ஹெபாரினோடு சேரும் மற்றொரு துண்டையும் கொடுத்தால் அவை அமைகின்றன. 1986-லேயே இது தெரிந்தது. இரண்டாவது துண்டைப் பற்றிக்கொள்வது சிண்டெகான்-4. அதன் வால், சவ்வின் உட்பக்கத்திலுள்ள பி.ஐ.பி.-2 என்ற கொழுப்போடு சேர்ந்து, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைப் பிடித்து இயக்குகிறது. தன்னிடம் நொதி இல்லாவிட்டால் என்ன, அருகிலுள்ளதை அழைத்துக்கொள்கிறது!

இதற்கு ஒரே ஒரு சிண்டெகான் போதாது. வெளியே பல சிண்டெகான்கள் ஒன்றாகக் கட்டப்படும்போது உள்ளே அவற்றின் வால்களும் நெருங்குகின்றன. ஒருவர் இழுத்துத் தேர் நகர்வதில்லை. ஊர் கூடி வடம் பிடித்தால் நகர்கிறது. பாடப்படத்தின் அம்புக்குறி மறைத்த செய்தி இதுதான்: சவ்வைக் கடந்தது எந்தப் பொருளும் அன்று, வெளியே ஏற்பட்ட சேர்க்கை உள்ளேயும் ஒரு சேர்க்கையாகிறது.

மறுபக்கமும் உண்டு

இதைக் கொண்டு சிண்டெகானே எல்லாம் என்று முடிவு கட்டுவதும் பிழை. சிண்டெகான்-4 இல்லாமல் பிறந்த எலிகள் உயிர் வாழ்கின்றன, குட்டியும் ஈனுகின்றன. ஆனால் அவற்றின் புண்கள் ஆறத் தாமதமாகின்றன என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்றாட வாழ்வைச் சமாளிக்க வேறு வழிகள் இருந்தாலும், காயம்பட்ட நேரத்தில் அதன் குறை வெளிப்படுகிறது.

மாணவ நண்பர்களே, பூட்டையும் சாவியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த முறை அந்தப் படத்தை வரையும்போது, சவ்வின் வெளியே சில சர்க்கரைத் தொடர்களையும், உள்ளே நெருங்கி நிற்கும் சில சிறு வால்களையும் சேர்த்து வரையுங்கள். ஆசிரியர் ஏன் என்று கேட்டால், 1991-ஆம் ஆண்டுச் சோதனையைச் சொல்லுங்கள்.