மயில்கழுத்து க்யூடெக்ஸ்

மயில்கழுத்து நிறம் எப்படியிருக்கும் என்று நெசவு ஊரான நகரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள ஏகாம்பரகுப்பமும் சத்திரவாடாவும் தறிச் சத்தத்திலேயே வளர்ந்த இடங்கள். பாவில் நீலம், ஊடையில் பச்சை ஓட்டினால் துணி எந்த நிறத்துக்கும் பிடிகொடுக்காது. விரித்தால் ஒன்று, மடித்தால் இன்னொன்று. அப்படிப்பட்ட கண்களுக்கு அதே நிறத்தை நகப்பூச்சாக்கிச் சின்னக் குப்பியில் அடைத்து விற்பது துணிச்சலான காரியம்தான்.

ஃபேன்சி ஸ்டோரில் அந்தக் குப்பியைச் சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் நீலம். பார்த்ததும் மயங்கிவிடக் கூடாது. குப்பிக்குள் சாயம் தடிமனாக நிற்கிறது. நகத்தில் ஏறுவதோ ஒரு மெல்லிய படலம். முதல் பூச்சில் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். நகத்தின் வெளிர் ரோஜா நிறம் அடியிலிருந்து எட்டிப் பார்க்க, மயில் சோகை பிடித்ததுபோல வெளுத்துக் கிடக்கும்.

காரணம் மயிலிடமே இருக்கிறது. அதன் இறகில் நீலச் சாயமும் கிடையாது, பச்சைச் சாயமும் கிடையாது. இருப்பது மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி. அதன் நுண்ணிய குச்சிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடைவெளிதான் எந்த ஒளி திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மிச்ச ஒளியை அந்தக் கருமை விழுங்கிவிடுகிறது. க்யூடெக்ஸின் மினுக்கமும் இதற்கு உறவுதான். மைக்கா, அதாவது அப்பிரகச் செதில்களின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசுகிறார்கள். ஒரு கனத்தில் நீலம் தெரியும். அதையே இன்னும் சற்றுக் கூட்டினால் பச்சை. ஆனால் வெளிர் தளத்தின் மேல் இந்த வித்தை எடுபடாது. செதிலை ஊடுருவிப் போன ஒளி அடியில் பட்டுத் திரும்பி வந்து, மேலே தெரிந்த நிறத்தைக் கரைத்துவிடும்.

ஆகவே அடியில் கறுப்பு வேண்டும். முதலில் நிறமில்லாத பூச்சு ஒன்று, இல்லாவிட்டால் நகம் மஞ்சளாகக் கறைபடும். அதன் மேல் கறுப்பு, காய்ந்த பிறகு மயில்கழுத்து. அதுவரை சோகையாக இருந்த நிறம் அப்போது தோகை விரிக்கும். கருநீல அடியும் தோற்பதில்லை, கொஞ்சம் சாதுவாக இருக்கும். என் ஓட்டு கறுப்புக்குத்தான்.

பூசும் கையிலும் பாதி விஷயம் இருக்கிறது. குப்பியை ஓங்கிக் குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் அடியில் கிடக்கும் குட்டி எஃகுக் குண்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். மெல்லியதாகப் பூசினால் கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது செதில்கள் நகத்தோடு ஒட்டிப் படுத்துவிடும், ஒளி ஒரே திசையில் திரும்பும். அப்பிப் பூசினால் செதில்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். மினுக்கம் போய் வெறும் பொடிமணல் மிஞ்சும்.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். கடையின் டியூப்லைட்டுக்கு எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதான். வெயில் சாயும் நேரத்தில் வெளியே வந்து, கையை அசைத்துப் பார்க்க வேண்டும். திருப்பதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் கையில் இது படு ஜோர்: ஒவ்வொரு திருப்பத்திலும் ஐந்து விரலும் நிறம் மாறும். நீள நகம் தேவையில்லை. குட்டை நகத்தில்தான் இது அடக்கமாக, ஒரு ரகசியம் போல இருக்கிறது.

மயில்கழுத்துப் புடவைக்கே மயில்கழுத்து நகம் என்று ஜோடி சேர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை. புடவை ஜெயித்துவிடும், இரு நிற நூல் காட்டும் ஆழத்தை எந்தக் குப்பியும் எட்டிப் பிடித்ததில்லை. அரக்கு நிறப் பருத்திப் புடவை, ஒரு ஜோடி கண்ணாடி வளையல், இவற்றுக்கு நடுவே இந்த நகத்தை விட்டுப் பாருங்கள்.

கால் விரலுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே நாளாகியும் உதிராது, உண்மைதான். ஆனால் நின்ற உயரத்திலிருந்து கால் நகம் ஏறக்குறைய ஒரே கோணத்தில்தான் கண்ணில் படும். நீலமோ பச்சையோ ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். காலுக்கு மெரூன் போதும், விலையும் குறைவு.