நோரா பேசுவதில்லை

‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ ரசிகர்களிடம் அந்தத் தொடரின் சிறந்த எபிசோட் எது என்று கேட்டால், ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற பெயர் சட்டென்று வந்து விழும். 1992 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி வரிசையில் ஒளிபரப்பானது. பால் டினி எழுத, புரூஸ் டிம் இயக்கினார். எழுத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது. இந்தப் புகழில் எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் வில்லனுக்கு ஒரு துக்கத்தைக் கொடுத்து அவனை நம் பக்கம் இழுக்கும் உத்திக்கு இன்றுவரை இதுதான் பாடநூல் என்பதால், அந்த உத்தி இங்கே எங்கெங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே நழுவுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

இந்த எபிசோடின் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் பழைய ஆள்தான். 1959-இல் ‘மிஸ்டர் ஸீரோ’ என்ற பெயரில் காமிக்ஸில் நுழைந்தவன். பனித் துப்பாக்கி வைத்திருக்கும் திருடன் என்பதற்கு மேல் அவனிடம் ஒன்றும் கிடையாது. அறுபதுகளின் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் மூன்று நடிகர்கள் மாறி மாறி அந்த வேடத்தைப் போட்டார்கள். ஆள் மாறியதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு மனிதன் இருந்தால்தானே? டினி அந்த வெற்றுக் குளிர்ப்பெட்டிக்குள் விக்டர் ஃப்ரைஸ் என்ற விஞ்ஞானியை வைத்தார். தீராத நோயில் கிடக்கும் மனைவி நோராவை, மருந்து கிடைக்கும்வரை உறைநிலையில் காப்பாற்றி வைத்திருக்கிறான். அவன் வேலை பார்க்கும் காத்கார்ப் நிறுவனத்தின் முதலாளி ஃபெரிஸ் பாயில், பணம் விரயமாகிறது என்று ஆராய்ச்சியை நிறுத்த வருகிறார். அந்தக் கைகலப்பில் ரசாயனத்தில் விழுந்து எழும் விக்டர், அதன்பின் கடும் குளிரில் மட்டுமே உயிர் வாழக்கூடியவனாகிறான்.

இந்தக் கதையை டினி எங்கே வைத்துச் சொல்கிறார் என்பதில்தான் கைத்திறன் தெரிகிறது. பாதிப் படம் வரை நமக்கு எதுவும் தெரியாது. காத்கார்ப் கிடங்குகளில் திருட்டு நடக்கிறது, அவ்வளவுதான். பேட்மேன் அந்த நிறுவனத்துக்குள் புகுந்து ஒரு பழைய வீடியோ டேப்பை ஓட்டுகிறான். தன் பரிசோதனையைப் பதிவு செய்ய விக்டரே எடுத்தது அது. யாரும் உட்கார்ந்து தன் சோகத்தைச் சொல்லி அழவில்லை. துப்பறியப் போனவன் கண்ணில் தற்செயலாக ஒரு குற்றம் படுகிறது, அவனோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். டேப் முடியும் நேரத்தில், பின்னாலிருந்து விக்டரின் குரல் கேட்கிறது. மைக்கேல் அன்சாரா அந்தக் குரலில் ஏற்ற இறக்கத்தையே வழித்தெடுத்திருக்கிறார். அழுகையைக் காட்டியிருந்தால் சாதாரண மெலோடிராமா ஆகியிருக்கும். அந்த உலர்ந்த குரலால், எங்கேயோ அடியில் கிடக்கும் அழுகையை நாமே தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

சின்ன விஷயங்களையும் வீணாக்கவில்லை. பேட்மேனுக்கு ஜலதோஷம். அவன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் பிளாஸ்கில் கோழி சூப் கட்டிக் கொடுக்கிறார். சிரிப்புக்காக வைத்தது என்று நினைத்துக் கடந்துவிடுவோம். கடைசிச் சண்டையில் அந்தச் சூடான சூப்தான் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தில் அடிக்கப்படுகிறது. ஃபிரிட்ஜில் இருந்த கண்ணாடி டம்ளரில் கொதிநீர் ஊற்றியது போல அது விரிசல் விட்டுச் சிதறுகிறது. ராட்சத ஆயுதத்தோடு வந்தவனை வீட்டுச் சமையல் சாய்ப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. நடுவில் வரும் கடத்தல், பேட்மேனைத் தலைகீழாகத் தொங்கவிடுதல், பீரங்கி எல்லாம் வழக்கமான சரக்கு.

இனி குறைகள். அந்த டேப்பையே மறுபடி ஓட்டுவோம். ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னதும் விக்டர் காவலாளியின் துப்பாக்கியைப் பறித்து நீட்டுகிறான். பாயில் நயமாகப் பேசி அவனைத் தணிக்கிறார். துப்பாக்கி தாழ்ந்ததும் ஓங்கி ஓர் உதை. விக்டர் ரசாயன மேசை மீது போய் விழுகிறான். இந்த உதையை மட்டும் வெட்டிவிட்டுப் பாருங்கள். பாயில் கருவிகளை நிறுத்தச் சொன்னதோடு போயிருந்தால்? கருவி நிறுவனத்துடையது, செலவு நிறுவனத்துடையது. ஒரு முதலாளி கணக்குப் பார்த்து எடுத்த, எந்த நீதிமன்றமும் தவறு சொல்லத் தயங்கும் முடிவால் ஒரு பெண் சாகிறாள் என்றாகும். அப்போது யாரை வெறுப்பது என்று நாம் திண்டாடியிருப்போம். உதை அந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்துவைக்கிறது, கூடவே கதையின் கூர்மையையும் மழுக்குகிறது. ஊழியர்மீது அக்கறை காட்டுவது வெறும் விளம்பரம் என்று பாயில், முகமூடி இல்லாத பேட்மேனான புரூஸ் வெய்னிடமே பெருமையடிப்பதும், கடைசியில் மனிதநேய விருது வாங்க வருவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. வில்லனிடமிருந்து எடுத்த கறுப்பை எங்காவது கொட்ட வேண்டுமே, பாயில் அதற்குக் கிடைத்த பாத்திரம். பாயிலுக்குக் குரல் கொடுத்த மார்க் ஹாமில் ரசித்துத்தான் பேசியிருக்கிறார், இருந்தும் அது அட்டை மனிதன்தான். பிள்ளைகள் படம், 22 நிமிடம் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. விக்டரை இவ்வளவு நுட்பமாக எழுதியதும் அதே 22 நிமிடத்துக்குள்தானே?

ஃப்ரீஸின் சொந்த அடியாள் ஒருவன், பேட்மேனுக்கு வைத்த குறி தவறி, கால்கள் உறைந்து விழுகிறான். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறான் தலைவன். அவனைக் காப்பாற்றுவது பேட்மேன்தான். துக்கம் ஒருவனைக் கொடுமைக்காரனாகவும் ஆக்கும் என்பதைச் சொல்லும் நல்ல இடம் இது. டேப் வந்த பிறகு இந்த ஆளைப் படமும் மறந்துவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். அனுதாபம் வேலை செய்யும் விதம் அப்படி.

பெரிய குறை நோரா. அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் யார், என்ன படித்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கச் சம்மதித்தாளா, எதுவும் தெரியாது. அவளுக்குப் பதிலாக நம்மிடம் இருப்பது ஒரு பனிக் கண்ணாடி உருண்டை, அதற்குள் சுழலும் பாலே நடனப் பொம்மை. கணவனின் காதல் உயர்வானது என்று படம் சொல்கிறது, நாமும் தலையாட்டுகிறோம். ஆனால் அவன் காதலிப்பது அந்த உருண்டைக்குள் இருப்பதைப் போல அசையாத, வயதாகாத ஒருத்தியை. முதல் காட்சியிலேயே பொம்மையைப் பார்த்து அவன் பேசுவது கிட்டத்தட்ட இதைத்தான். டினி இதை உணர்ந்தே எழுதினாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உணர்ந்திருந்தால், அந்த இழையை ஏன் அப்படியே விட்டுவிட்டார்?

பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும், வில்லனுக்கு ஒரு துக்கத்தைக் கொடுப்பது என்ற சுலபமான பாதியைத்தான். 1997-இல் வந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ படத்தில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர், உறைந்த மனைவி என்ற கதையை அப்படியே சுமந்துகொண்டு, வாய்க்கு வாய் குளிர் ஜோக் அடித்தார். துக்கம் இருந்தது, அன்சாராவின் அடக்கம் இல்லை.

தொடரை உருவாக்கியவர்களுக்கே நோராவை விட்டுவிட மனமில்லை. இந்த எபிசோடின் முடிவில் சிறையில் உட்கார்ந்து ஃப்ரீஸ் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தால் அவள் இறந்துவிட்டாள் என்றே தோன்றும். 1994-இல் ‘டீப் ஃப்ரீஸ்’ எபிசோடில் அவள் உயிரோடு இருப்பதாகக் காட்டினார்கள், அதே கண்ணாடிக்குள். 1998-இல் ‘ஸப்-ஸீரோ’ என்ற முழுநீளப் படத்தில் ஒருவழியாகப் பிழைக்கிறாள். அந்தச் செய்தியையும் ஃப்ரீஸ் துருவப் பனியில் நின்றபடி, ஒரு ஜன்னல் வழியாகத் தெரியும் தொலைக்காட்சியில்தான் அறிந்துகொள்கிறான். சொல்வது செய்தி வாசிப்பவர்.