கொக்கட்டிச்சோலை: சாட்சியும் தீர்ப்பும்

ஒருவர் ஐயத்திற்கிடமான முறையில் மாண்டால், அவர் எவ்வாறு மாண்டார் எனக் கேட்பது சமுதாயத்தின் முதற் கடமையாகும். இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் அதனையே விதிக்கின்றது. மரண விசாரணை அதிகாரி சடலத்தைப் பார்வையிட வேண்டும். விடயமறிந்தோரின் சாட்சியத்தைப் பதிய வேண்டும். ஏழை உழவனின் சொல் அரசாங்க ஏட்டில் ஏறும் அரிய இடங்களுள் இஃதொன்று. ஆதலின், 1983 ஜூன் மாதத்து அவசரகால விதியை நாம் வெறும் நிருவாக ஏற்பாடாகக் கொள்வதற்கில்லை. மரண விசாரணையின்றியே சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் அது இடமளித்தது. சடலத்தோடு சாட்சியமும் புதைக்கப்பட்டது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ளது கொக்கட்டிச்சோலை. 1991 ஜூன் 12ஆம் திகதி அப்பகுதியில் வெடித்த கண்ணிவெடியால் இராணுவத்தினர் இருவர் மாண்டனர். அதன்பின் மகிழடித்தீவிலும் அயற் கிராமங்களிலும் புகுந்த படையினர் பொதுமக்களைக் கொன்றனர். இதனை ஆராய அமைந்த சனாதிபதி விசாரணைக் குழு, உயிர் தப்பியோரின் சாட்சியத்தைக் கேட்டது. சண்டைக்கிடையே அகப்பட்டு மக்கள் மாண்டனர் என்ற விளக்கத்தை அது ஏற்கவில்லை. கொன்றோர் படையினரே என முடிவுசெய்தது. குழு கண்ட தொகை 67. ஊரார் கூறும் தொகை 150க்கும் மேல்.

அடுத்து வந்தது 1992ஆம் ஆண்டின் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பு. படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் கட்டளை அதிகாரி பதவி இழந்தார். கொலைக்குற்றத்திற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. சடலம் அகன்ற விதம் குற்றமாயிற்று. மனிதர் சடலமான விதத்திற்குக் குற்றவாளி இல்லை!

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படிப்போருக்கு உண்மை விளங்கும். பன்மையிலே கொன்றவர்கள் ஒருமையிலே காணாமற் போயினர். இது சாட்சியத்தின் குறையன்று. பதுங்கியிருந்து பார்த்த பெண் சீருடையைக் காண்பாள். அச்சீருடைக்குள் இருந்தவனின் பெயரை அவள் எங்ஙனம் அறிவாள்? பெயர்ப்பட்டியலும் ஆயுதப் பதிவேடும் அரசின் கையில் அல்லவா இருக்கின்றன? தன்னிடமுள்ள ஏட்டைப் புரட்டிக் கொலைஞரை இனங்காண வேண்டிய பொறுப்பு அரசினுடையது. அதனைச் சாட்சியின் தோளில் ஏற்றுவது நீதியாகாது.

இக்கேள்வி அரசுக்கு மட்டும் உரியதன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, எழுவான்கரையிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். அங்கு உயிர் தப்பியோரின் சாட்சியமும் தீர்ப்பின்றியே நிற்கின்றது. ஒரு கரையின் சாட்சியைப் போற்றி மறுகரையின் சாட்சியை மறைப்பவன் நீதியை வேண்டுபவனல்லன், கட்சியை வேண்டுபவன்.

எழுத்தாளருக்கும் இதிற் பாடமுண்டு. நம் கதைகளிலும் கவிதைகளிலும் சாட்சி பெரும்பாலும் அழுகின்றாள், பேசுவதில்லை. சாட்சியத்தின் வலிமை கண்ணீரில் இல்லை. எந்த நேரம், எந்த ஒழுங்கை, யார் எத்திசையிலிருந்து வந்தார் என்னும் விபரங்களிலேயே அது தங்கியுள்ளது. அவ்விபரங்களை உணர்ச்சி வெள்ளத்திற் கரைத்துவிடும் இலக்கியம், தானறியாமலே, விசாரணையின்றிச் சடலத்தைப் புதைத்தவர்களின் வேலையைச் செய்கின்றது.

அவள் அழுதாள் என்று எழுதுவது எளிது. அவள் சொன்னது என்ன என்று எழுதுவோமாக.